டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு: உதவிப்பணம் தானாகக் கூடவராது

விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘தந்தையின் வருமானம்’ என்று ஒரு கூடு இருந்தது. அம்மா பேனையைக் கையில் வாங்கி, அந்தக் கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் படிவத்தை என்னிடமே திருப்பித் தந்தார். அப்பாவைக் கடைசியாக நாங்கள் கண்டது 2009 மே மாதம் வட்டுவாகலில். ‘காலமாகிவிட்டார்’ என்று எழுத அம்மா அன்றும் சம்மதிக்கவில்லை, இன்றும் சம்மதிக்கவில்லை. வருமானம் பூச்சியம் என்று எழுதினால், “ஏன் பூச்சியம், அவர் எங்கே?” என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இது நடந்தது 2017இல், நான் உயர் தேசிய டிப்ளோமா படிக்கச் சேர்ந்தபோது. பிறகு அதே டிப்ளோமாவிலிருந்து பட்டப்படிப்புக்கு மாறியபோது இதே கூடு இன்னொரு படிவத்தில் திரும்பவும் வந்தது. அந்த முறை கூடு மட்டும் வெறுமையாக இருக்கவில்லை. வங்கிப் புத்தகமும் வெறுமையாகத்தான் இருந்தது.

வத்தளையில் எங்களைப் போல வன்னியிலிருந்து வந்து வாடகை வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் படிவங்களைக் கொண்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, எச்.என்.டி. முடிஞ்சா கம்பஸுக்குப் போகலாம்தானே? காசு தொடர்ந்து வரும்தானே?” முதல் கேள்விக்குப் பதில் ‘ஆம், வழிகள் இருக்கின்றன’. இரண்டாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை, தானாக வராது’. இந்த இரண்டாவது பதிலை எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் முதலில் டிப்ளோமா?

களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வத்தளை, கம்பஹா மாவட்டம். மட்டக்குளிப் பாலத்தைக் கடந்தால் கொழும்பு மாவட்டம். நான் 2011இல் மாமா வீட்டுக்கு வந்து, அந்தப் பாலத்தால் தினமும் பஸ்ஸில் போய்க் கொட்டாஞ்சேனையில் படித்தேன். இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பது அவர் பிறந்த ஊரைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எங்கே படித்தார் என்பதே கணக்கு. முல்லைத்தீவு, பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் மாவட்டங்களில் ஒன்று. கொழும்பும் கம்பஹாவும் அப்படியல்ல. 2015இலும் 2016இலும் நான் எடுத்த இசட் புள்ளி கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றது. செல் விழுந்த ஊரிலிருந்து ஓடி வந்த பிள்ளை, கொழும்பிலேயே பிறந்து ரியூஷன் வகுப்புகளோடு வளர்ந்த பிள்ளைகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. சட்டப்படி இதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பிள்ளையின் பாடசாலையை மாற்றும்போது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைகளுக்கு அடுத்த படி, ‘ஸ்லியேட்’ என்று எல்லோரும் சொல்லும் இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகம். 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை உட்பட நாட்டின் பல இடங்களில் அதன் நிலையங்கள் உண்டு. கொழும்பு நிலையம் மட்டக்குளியில், வத்தளையிலிருந்து ஆற்றைக் கடந்தால் சிறிது தூரத்தில் இருக்கிறது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம், பொறியியல் போன்ற துறைகளில் உயர் தேசிய டிப்ளோமா கொடுக்கிறார்கள். உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வாசல். நான் கணக்கியல் எடுத்தேன்.

பணம் எதைத் தொடர்கிறது?

1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது மகாபொல புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்தது. நான் படித்த காலத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபா, வருடத்தில் பத்துத் தவணை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் ‘பர்சரி’ 4,000 ரூபா. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் இவை 7,500 ஆகவும் 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. வத்தளை வாடகைக்கும் பஸ் காசுக்கும் இது பெரிய தொகை இல்லை. ஆனால் அம்மா தைத்துக் கொடுக்கும் சட்டைகளின் காசில் சாப்பாடு நடக்கும் வீட்டில், அந்த 5,000 இல்லாவிட்டால் நான் இரண்டாம் வருடமே படிப்பை நிறுத்தியிருப்பேன்.

இங்கேதான் பலருக்கு விளங்காத விடயம் இருக்கிறது. இந்தப் பணம் மாணவரின் பெயரில் வந்தாலும், அது மாணவரைத் தொடர்வதில்லை. அவர் எந்த நிறுவனத்தில், எந்தக் கற்கைநெறியில், முழுநேர மாணவராகப் பதிந்திருக்கிறார் என்பதைத்தான் தொடர்கிறது. பதிவு முடிந்தால் பணமும் முடிந்தது. இன்னோர் இடத்தில் புதிதாகப் பதிந்தால், அந்த இடத்துக்கு எந்த உதவி உண்டோ அதற்குப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெளிவாரிப் பட்டத்துக்கோ பகுதிநேர வகுப்புக்கோ போனால் மகாபொல கிடையாது. டிப்ளோமா முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது அந்த வழிகளில்தான்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மாமியின் மகள் முதலில் கொலிஜ்ஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறினாள். ஒன்ராறியோ மாகாணத்தில் கொலிஜ்ஜுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ‘ஓசாப்’ என்ற ஒரே மாகாண உதவித் திட்டம்தான். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், படிக்கும் நிறுவனத்தின் பெயரை மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். படித்த பாடங்களை அடுத்த இடம் ஏற்றுக்கொள்வதை ஒழுங்குபடுத்தவே 2011இல் அங்கே ஒரு மாகாணப் பேரவையை அமைத்தார்கள். அமெரிக்காவிலும் சமூகக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவர், மத்திய அரசின் உதவிப் படிவத்தில் புதிய நிறுவனத்தின் குறியீட்டைச் சேர்க்க வேண்டும். ஒரே காலப்பகுதிக்கு இரண்டு இடங்களில் ‘பெல்’ மானியம் எடுக்க முடியாது. ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 12 செமஸ்டருக்குத்தான் அது கிடைக்கும். அங்கேயும் பணம் தானாக வருவதில்லை. ஆனால் இரண்டு படிகளுக்கும் கதவு ஒன்றுதான். எங்களுக்கு ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கதவு. ஆகவே வெளிநாட்டு உறவினர் சொல்வதைக் கேட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

‘சமம்’ என்ற சொல்லின் இரண்டு அர்த்தம்

2015 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொழும்பு வோர்ட் பிளேஸில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முன்னால் போராடிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்களைப் பொலிஸார் தடியால் அடித்துக் கலைத்த காட்சி பலருக்கு நினைவிருக்கும். தங்கள் டிப்ளோமாவை வணிகப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானது. 1990இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்றில் அந்தச் சமநிலை சொல்லப்பட்டிருந்தது. பின்னர் அது இழுபறியானது.

நான் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தபோது ‘சமம்’ என்ற இந்தச் சொல்லை நம்பித்தான் சேர்ந்தேன். ஆனால் அரச வேலைக்கு ஆள் சேர்க்கும்போது சமமாகக் கொள்வது ஒன்று. ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டத்தில் சில பாடங்களை மீண்டும் படிக்கத் தேவையில்லை என்று விலக்களிப்பது வேறொன்று. முதலாவதை அரசாங்கச் சுற்றறிக்கை தீர்மானிக்கும். இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தின் பீடம் தீர்மானிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு உதவும். 2012இல் வந்த இந்தக் கட்டமைப்பில் 12 மட்டங்கள் உண்டு. டிப்ளோமா 3ஆம் மட்டம், உயர் டிப்ளோமா 4ஆம் மட்டம், மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 30 கிரெடிட். தொழிற்பயிற்சிப் பக்கத்தில் வருபவர்களுக்கு என்.வி.கியூ. 5ஆம் மட்டம் இந்தக் கட்டமைப்பின் 3க்கும், 6ஆம் மட்டம் 4க்கும், 7ஆம் மட்டம் 5க்கும் நேராக வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சான்றிதழ் எந்த மட்டத்தில், எத்தனை கிரெடிட்டோடு இருக்கிறது என்று தெரிந்தால்தான், பட்டத்தில் எத்தனை வருடம் குறையும், அதற்கு எவ்வளவு காசு தேவைப்படும் என்று கணக்குப் போடலாம்.

நான் விட்ட பிழை

2021இல் டிப்ளோமா முடிந்தது. கடைசித் தவணை வங்கிக்கு வந்தபோது அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது. பட்டக் கற்கைநெறி ஒன்றில் பதிந்தேன். பதிந்து, முதல் வருடக் கட்டணத்தைக் கட்டிய பிறகுதான், விலக்களிப்புக்குப் பதிவுக்கு முன்னரே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று அறிந்தேன். டிப்ளோமாவில் படித்துச் சித்தியடைந்த அதே பாடங்களுக்குத் திரும்பக் காசு கட்டி, திரும்பப் படித்தேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கும் திகதியும் அதற்குள் போய்விட்டது. அடுத்த வருடம் 2022. மாவும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்று வாங்கிய வருடம். கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த வருடம் முழுக்கப் படிப்பை நிறுத்தி, பேலியகொடையில் ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதினேன். படிப்பைத் திரும்பத் தொடங்கியபோது விலக்களிப்பையும் கட்டண உதவியையும் ஒழுங்காகக் கேட்டேன். இரண்டும் ஓரளவுக்குக் கிடைத்தன. எனக்குப் போனது ஒரு வருடம். சிலருக்கு அந்த ஒரு வருடம் திரும்பி வருவதே இல்லை.

இப்போது இருக்கும் வழிகள்

முதலாவது, உயர்தரத்தில் இன்னும் ஒரு தடவை மிச்சமிருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை வரை எடுக்கலாம். உள்வாரியாகக் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மகாபொலவுக்கோ பர்சரிக்கோ விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் முழுநேர மாணவராக இருந்து இரண்டு உதவி எடுக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் கையொப்பமிடுவதற்கு முன் டிப்ளோமாப் பதிவை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது. தலைமையகம் நாவலயில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். கட்டணம் உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டண உதவியும் உண்டு. அதற்கு நீங்களே, குறித்த திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளிவாரிப் பட்டங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திறந்த, தொலைக்கல்வி நிலையம் போன்றவை நடத்துகின்றன. தகவல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் ‘பி.ஐ.ரி.’ வெளிவாரிப் பட்டம் பல வருடமாக இருக்கிறது. கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு, ஆனால் மாதாந்த உதவி இல்லை. வேலையோடு சேர்த்துத்தான் இதைத் திட்டமிட வேண்டும்.

நான்காவது, இரத்மலானையில் உள்ள ‘யுனிவோடெக்’. 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகம். என்.வி.கியூ. 5, 6 மட்டங்களோடு வருபவர்கள் பட்டத்துக்குப் போவதற்கென்றே உருவாக்கப்பட்டது. வார நாள் வகுப்பா வார இறுதி வகுப்பா என்பதைத் தெரிவுசெய்யும்போதே காசுக் கணக்கும் மாறிவிடும்.

ஐந்தாவது, வட்டியில்லா மாணவர் கடன். 2017இல் தொடங்கிய இந்தத் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட அரசசார்பற்ற நிறுவனங்களின் பட்டங்களுக்கானது. ஒவ்வோர் அறிவித்தலிலும் எந்த வருட உயர்தரப் பெறுபேறு செல்லும், வயதெல்லை என்ன என்று சொல்லப்படும். டிப்ளோமா முடித்துவிட்டு ஆறுதலாகப் பார்க்கலாம் என்றிருந்தால் அந்த வருடங்கள் கடந்துவிடும். அத்தோடு பிணையாளர்கள் வேண்டும். நிரந்தர வேலையுள்ள உறவினர் இல்லாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான் பெரிய மலை. இது கடன் என்பதையும் வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் தனியார் கல்லூரிகள் ‘ஒரு வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம்’ என்று விளம்பரம் போடுகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. காசு கட்டுமுன், பட்டத்தைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது, அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா, இடையில் நிறுத்தினால் காசு திரும்புமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கடைசி செமஸ்டரில் செய்ய வேண்டியவை

டிப்ளோமாவின் கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே இந்த வேலைகளைத் தொடங்குங்கள்.

பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தை ஆங்கிலத்தில், முத்திரையோடு இரண்டு பிரதி எடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் கிரெடிட் எண்ணிக்கையோடு சேர்த்து எடுங்கள். விலக்களிப்புக் கேட்கும்போது பாடத்தின் பெயர் மட்டும் போதாது, அதில் என்ன படித்தீர்கள் என்றே பார்ப்பார்கள்.

உங்கள் புலமைப்பரிசில் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அடுத்த இடத்தில் ‘ஏற்கெனவே உதவி எடுக்கிறீர்களா?’ என்று கேட்டால் அதுவே பதில்.

விலக்களிப்பு விண்ணப்பம், பதிவு, கட்டண உதவி விண்ணப்பம் என்ற மூன்றின் திகதிகளையும் ஒரே தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். விலக்களிப்பு முதலில், பதிவு பிறகு. புதிய உதவி கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களுக்கான பஸ் காசை டிப்ளோமாக் காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவையுங்கள்.

வருமானச் சான்றிதழ் கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் உறுதியாக வேண்டியது. வாக்காளர் பதிவு இன்னும் ஊரிலும், வீடு வத்தளையிலும் இருக்கும் குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஓர் அலுவலகத்தில் “ஊருக்குப் போய் வாங்கு” என்றார்கள். ஊரில் “இப்ப இஞ்ச இல்லைத்தானே” என்றார்கள். இரண்டு இடத்துக்குமாக மூன்று வாரம் அலைந்தேன். வாடகை வீடானாலும் பதிவை வத்தளைக்கு மாற்றிவிடுங்கள். படிவம் வரும் வாரத்தில் அல்ல, அதற்கு ஒரு வருடம் முன்னரே.

அந்தக் கூடு

இனி, தந்தையின் கூடு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் ஒன்று உண்டு. இது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அவர் இருக்குமிடம் தெரியவில்லை என்பதையே பதிவாளர் நாயகம் சான்றுப்படுத்துகிறார். நலக்கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கவும் இதைப் பயன்படுத்தலாம். தேடலைக் கைவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. இதை வாங்குவதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பமும் தானே எடுக்க வேண்டிய முடிவு. வேண்டாம் என்று நிற்கும் தாய்மாரின் காரணங்கள் எனக்கும் தெரியும். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல், படிவத்தை மடித்து வைத்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா இரண்டு வருடம் யோசித்தார். தம்பி படிப்புக்கு விண்ணப்பிக்கும் வருடத்தில், ஒரு நாள் காலையில் தானாகவே, “அதுக்கு என்னென்ன கடுதாசி வேணும் எண்டு கேட்டுக்கொண்டு வா” என்றார். கேட்டு வந்து கொடுத்தோம். தம்பியின் படிவத்தில் அந்தக் கூட்டை அம்மாதான் நிரப்பினார். அப்பாவின் முழுப் பெயரை எழுதி, பக்கத்தில் சான்றிதழின் இலக்கத்தை எழுதி, எழுத்து சரியா என்று என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

போன ஞாயிறு ஹெந்தளையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். டிப்ளோமா முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றாள். நல்ல காலம், எட்டு மாதம் போதும். பெறுபேற்றுப் பத்திரத்துக்கான விண்ணப்பத்தை அன்றே எழுதினோம்.